பதினாலாம் நம்பர் பெல்ட்

மலையேறுகிறவர்கள் இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொண்டு கயிற்றில் தொங்குகிறார்களே, அந்த பெல்ட்டைத் தைக்கிற கம்பெனி அது. அங்கே ஒரு வினோதமான சட்டம். தைக்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஆயுளில் ஒரு தடவையாவது தங்கள் கையால் தைத்த பெல்ட்டை மாட்டிக்கொண்டு பெரிய மலையில் ஏற வேண்டும். தொங்கிப் பார்த்தால்தான் தையலின் அருமை தெரியும் என்பது முதலாளியின் கொள்கை. வருஷத்துக்கு ஒருவர், பிஸ்கட் டின்னில் சீட்டுக் குலுக்கல். முதலாளியின் சீட்டு மட்டும் டின்னில் கிடையாது. அவருக்குத் தைக்கத் தெரியாதாம். நல்ல நியாயம்!

இந்த வருஷம் சீட்டு பதினாலுக்கு விழுந்தது. பதினாலாம் நம்பர் மிஷினில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பதால் அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவள். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள், தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து நான்காவது தடவையும் இழுப்பாள்.

முன்பெல்லாம் அப்படியில்லை. கண்ணை மூடிக்கொண்டு தைப்பாள் என்று பேரெடுத்தவள். நான்கு வருஷத்துக்கு முன் ஒருநாள் தங்கைக்கு ஆபரேஷன். சரக்கு அன்றே வண்டியேற வேண்டும் என்று சூப்பர்வைசர் லீவு தரவில்லை. மூன்றரை மணிக்கு போன் வந்தது, தங்கை போய்விட்டாள் என்று. பதினாலு போனை மடியில் வைத்துக்கொண்டு ஆறு மணி வரை தைத்தாள். எழுந்தால் அது நிஜமாகிவிடும் என்று பயம். அன்றைக்கு ஒன்பது பெல்ட். அதில் ஒன்றைக்கூடத் தைத்த ஞாபகம் அவளுக்கு இல்லை. தையலைச் சோதிக்க வேண்டிய செக்கிங் அக்காவோ அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் பெல்ட்டைப் பார்த்தாளா இல்லையா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒன்பதும் வண்டியேறிப் போய்விட்டன.

அன்றிலிருந்து தன் கையையே அவள் நம்பவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. சொன்னால் தன் வேலையோடு செக்கிங் அக்காவின் வேலையும் போகும்.

அதனால்தான் தன் ஏற்றத்துக்கென்று ஒரு பெல்ட்டைத் தனியாகத் தைத்தாள். ஐந்து வரித் தையல் போட வேண்டிய இடத்தில் எட்டு வரி. ஒரு யானையைத் தொங்கவிடலாம்.

அந்த எட்டு வரி பெல்ட்டைக் கெடுத்ததும் அவளேதான். மலையின் பாதி உயரத்தில் ஒரு கல் வீடு. ஏறத் தொடங்கிய அன்று சாயங்காலம் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தபோது பெல்ட்டில் ஒரு நூல் முனை துருத்திக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. மிஷினில் உட்கார்ந்தவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? நைலான் நூலை நெருப்பில் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது. அன்றாடம் செய்கிற வேலைதான். மெழுகுவர்த்தியை எடுத்தாள். குளிரில் மரத்துப்போன கை ஆட, கயிறு மாட்டுகிற நாடா வளையமே பொசுங்கிவிட்டது.

கூட்டிக்கொண்டு வந்த கைடு பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "என்னக்கா இது, சும்மா இருக்க மாட்டீங்களா? சரி, பெட்டியில வேற இருக்கு. உங்க கம்பெனி சரக்குதான்."

விடிந்ததும் அவசர அவசரமாக அதை மாட்டிவிட்டான். குளிருக்குப் போட்ட தடித்த சட்டை பெல்ட்டை மறைத்ததில் அவளால் எதையும் சோதித்துப் பார்க்க முடியவில்லை.

பத்து மணிக்குச் செங்குத்தான பாறை. கைடு மேலே ஏறி, பாறையில் அடித்திருந்த இரும்பு வளையத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு, அவள் பெல்ட்டில் மாட்டிய முனையை இழுத்துப் பிடித்தபடி நின்றான். அவள் பாதிப் பாறை வரை வந்துவிட்டாள். மூச்சு வாங்க நின்றபோது சட்டை மேலேறி, பெல்ட்டின் லேபிள் தெரிந்தது. தைத்தவர் எண்: 14. கீழே தேதி.

அந்தத் தேதி.

"அக்கா, அங்க பிடிக்க ஒண்ணும் இல்ல. அப்படியே பின்னால சாயுங்க. பெல்ட்ல உக்காந்து அந்தப் பக்கம் காலை வைங்க."

"நான் உக்கார மாட்டேன். என்னைக் கீழ இறக்கி விட்டுரு."

"இறங்கணும்னாலும் அதுலதானக்கா தொங்கணும்!"

மேலே போகவும் அதே தையல், கீழே போகவும் அதே தையல். வலது கால் மிஷின் பெடலில் வைத்ததுபோல் தானாக ஆடத் தொடங்கியது. விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின. கத்தினால் கேட்க ஒரு கைடு, அழுதால் துடைக்க ஒருவருமில்லை. நான்கு வருஷமாக எதை நினைத்து நடுங்கினாளோ அதிலேயே கொண்டுவந்து மாட்டிவிட்டார்களே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இடது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தாள். இடுப்பின் இடது பக்கத் தையலைத் தடவினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. நூல் பிரியாமலிருக்க எல்லோரும் வரி முடிவில் இரண்டு தையல் பின்னால் அடிப்பார்கள். அவள் மட்டும் மூன்று அடிப்பாள். நகத்தால் எண்ணினாள். மூன்று இருந்தது. வலது பக்கத் தையலை எண்ணக் கை போதவில்லை, பாறையை யார் பிடித்துக்கொள்வது?

பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. அவ்வளவுதான் கிடைக்கும் என்று புரிந்தது.

"பிடிச்சுக்கோ, தம்பி," என்றாள். உட்கார்ந்தாள்.

பெல்ட் தொடையை இறுக்கியது. ஒரு நொடி ஒன்றுமே காலடியில் இல்லை. அப்புறம் கால் அந்தப் பக்கம் போய் ஊன்றியது.

உச்சியில் பத்து நிமிஷம் நின்றார்கள். கைடு போட்டோ எடுத்தான். அவள் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை, பெல்ட்டின் வலது பக்கத்தைக்கூட. இன்னும் அதிலேயே இறங்க வேண்டுமே. இறங்கும்போது அந்த பெல்ட்டில் எத்தனையோ தடவை உட்கார்ந்தாள், ஒவ்வொரு தடவையும் இடது பக்கத் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு.

கல் வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைக் கழற்றி ஜன்னலோரம் வைத்து, வலது பக்கத்தைத் திருப்பினாள். ஐந்து வரி. மூன்றாவது வரியின் நடுவில் தையல் நின்றிருந்தது. ஊசி அங்கே நின்று, மூன்று தையல் பின்னால் போய், அதே துளைகளில் இறங்கி, திரும்பவும் முன்னால் ஓடி வரியை முடித்திருந்தது.

போன் வந்த இடம் அது.

அவள் நொறுங்கிப்போய் உட்கார்ந்திருந்த நேரத்தில், கை மட்டும் யாரோ முகம் தெரியாதவர் விழுந்துவிடக் கூடாதென்று பார்த்துப் பார்த்துத் தைத்திருக்கிறது. அந்தக் கையைத்தான் நான்கு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலை அந்த மூன்று தையல்மேல் வைத்துக்கொண்டு, தங்கை பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள்.

கைடு பதறிக்கொண்டு ஓடிவந்தான். "என்னக்கா, தையல் போயிருச்சா?"

"இல்லப்பா," என்றாள். "நல்லாத்தான் தச்சிருக்கேன்."