வலிக்காத தவறுகள்

விபத்தன்று தடுப்புக் கம்பியைக் கட்டியது தன் கைதானா என்று யோசித்தால் அவளுக்கே சந்தேகம் வருகிறது. இஸ்திரி உருளையில் வேலை செய்யும் நான்கு பேரும் முறைவைத்துக் கட்டுவதுதான். ஆனால் அன்று தன் முறைதான் என்று மனசு அடித்துச் சொல்கிறது.

விடிவதற்குள் மருத்துவமனை விரிப்புகள் சலவைக்கூடத்தில் வந்து இறங்கிவிடும். ஈரத்துணியின் கனத்தில் தோள் இற்றுப்போகும். கொதிக்கும் இஸ்திரி உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி. கை பட்டால் உருளை நின்றுவிடும். சுருங்கிய துணி பட்டாலும் நின்றுவிடும். மறுபடி ஓடப் பத்து நிமிஷம். அதனால் கம்பியைக் கந்தலால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். மேலாளர் பார்த்தும் பாராதவர்போல் போவார்.

அப்படித்தான் அந்த நால்வரில் ஒருத்தியான நெட்டையக்காவின் வலது கை உள்ளே போனது.

வியாழன்தோறும் மேலாளர் முன்னால் வட்டமாக நின்று, போன வாரத் தவறு ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். வலிக்கிற தவறை யாரும் சொன்னதில்லை. விளக்கை அணைக்க மறந்தேன் என்பார்கள், அவ்வளவுதான். இந்த வியாழன் மேலாளர் ஒரு தாளோடு வந்தார். விபத்துக்குக் காரணம் அக்காவின் கவனக்குறைவு என்றிருந்தது. சாட்சியாக மற்ற மூவரும் கையெழுத்துப் போட்டால் அக்காவுக்கு வேலையும் இல்லை, வைத்தியச் செலவும் இல்லை.

"கம்பியக் கட்டினது யாரு?"

ஆவி சீறியது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அந்தம்மாவேதான். நாளைக்குள்ள கையெழுத்து வேணும்."

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். "இனிமே இடது கையாலதான்டி உன் காதைத் திருகணும்" என்றாள் அக்கா. அவள் கம்பியைப் பற்றிச் சொல்லாமலே திரும்பினாள்.

மறுநாள் இடைவேளையில் துணி மூட்டைகளின்மேல் உருளையில் மிச்சமிருந்த மூவரும் உட்கார்ந்தார்கள்: அவள், வாயாடி, எல்லாருக்கும் மச்சானான மச்சான்.

"நான்தான் கட்டினேன்" என்றாள்.

மச்சான் சொன்னான்: "அன்னிக்கு நீ. முந்தின நாள் நான். அத விடு. ஏன் கட்டினோம்னு இத்தன வியாழன்ல ஒருத்தராவது கேட்டோமா?"

அன்றுதான் கேட்டார்கள். உருளை நின்றால் திட்டு, ஓடினால் பாராட்டு. முறைவைத்துக் கட்டியதையும் சேர்த்து அவ்வளவையும் மேலாளர் கொடுத்த தாளின் பின்பக்கத்தில் எழுதி, கீழே மூவரும் கையெழுத்திட்டார்கள்.

மேலாளர் படித்தார். "மூணு பேருக்கும் வேலை போகும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். தவறைச் சொல்லச் சொன்னீங்க, சொல்லிட்டோம்" என்றாள் வாயாடி.

அதற்குள் சலவைத் தொட்டிப் பக்கத்து ஆட்கள் ஈரக்கையோடு வந்து பின்னால் நின்றிருந்தார்கள். ஒருவர் பேனாவைக் கேட்டார்.

மச்சானை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வாசலில் உட்கார்ந்து தொழிலாளர் சங்கத்துக்கு ஆள் சேர்க்கிறான். அவளுக்கும் வாயாடிக்கும் இரண்டு மாதத் தற்காலிக நீக்கம். மேலாளர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். அக்காவுக்கு மூன்று விரல்கள் போயின, நஷ்டஈட்டு வழக்கு நடக்கிறது. கம்பியைக் கட்டியது தான்தான் என்று அவள் சொன்னபோது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள், "வாய்தாவுக்கு நீயும் வா" என்று மட்டும் சொன்னாள்.