மெத்தைக்கு அடியில் ஈரம்

ஆர்லன் ஒரு வேலையில் இறங்கினால் அரைகுறையாக விடமாட்டான். அவனிடம் பிடித்ததும் அதுதான், பிடிக்காததும் அதுதான் என்பாள் அவன் மனைவி ட்வைலா. செப்டம்பரில் வீடு எரிந்துபோயிற்று. மொன்டானா மாநிலத்தின் வடக்குக் கோடியில் குளிர்காலத்தில் எவன் வீடு கட்டுவான்? மாடுகளை விட்டுவிட்டு டவுனுக்குப் போகவும் முடியாது. மீன்பிடிக்கப் போக வைத்திருந்த, படுக்கையும் அடுப்பும் உள்ள பழைய கேம்பர் வண்டியைக் கொட்டகை ஓரமாக நிறுத்தி, பனி உருகும் வரை அதிலேயே குடியிருப்பதென்று இருவரும் முடிவு செய்தார்கள்.

அக்டோபர் முழுக்க ஆர்லன் அந்த வண்டியை மூடு மூடென்று மூடினான். அடியில் காற்று புகாமல் சுற்றிலும் வைக்கோல் கட்டுகளை அடுக்கினான். தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்கச் சூடேற்றும் ஒயரைச் சுற்றினான். ஜன்னல்களுக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் ஒட்டினான். கூரையில் இருந்த காற்றுத் திறப்பில் தெர்மகோல் போன்ற நுரைப் பலகையை வெட்டித் திணித்து, நாலு பக்கமும் டேப் போட்டான். ஹீட்டரின் புகைக்குழாயை மட்டும் பெரிய மனது வைத்து விட்டுவைத்தான்.

"எறும்புகூட உன்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் உள்ள வரணும்போல," என்றாள் ட்வைலா.

"எறும்பு வரட்டும். காத்து வரக்கூடாது."

நவம்பரில் தாடை நடுங்குகிற குளிர் இறங்கியது. குழாய் உறையவில்லை, உள்ளே கதகதவென்று இருந்தது, ஆர்லன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். படுக்கை விரிப்பை மாற்றப்போன ட்வைலா மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அடிப்பக்கம் சொதசொதவென்று நனைந்திருந்தது. மூலையில் கறுப்பாகப் பூஞ்சை வேறு.

இன்னொருத்தி என்றால் துடைத்துவிட்டுப் போயிருப்பாள். ட்வைலாவால் முடியாது. தீயன்று அவள் குடித்த புகை இன்னும் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. ஈரமும் பூஞ்சையும் கூடவே கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இருமல் போனில் கேட்டதுமே பில்லிங்ஸ் நகரத்தில் இருக்கும் அக்கா லவோன் பிடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை வரேன். அந்த டப்பா காஞ்சிருந்தா இரு. இல்லேன்னா பெட்டியைக் கட்டு, எங்கூட வா."

போனால் வசந்தம் வரை திரும்ப முடியாது. அந்த டப்பாவுக்குள் ஆர்லன் தனியாக மாடுகளோடு பேசிக்கொண்டு கிடப்பான். நினைக்கவே அவளுக்குத் தாங்கவில்லை.

"கூரை ஒழுகுது," என்றான் ஆர்லன். "இன்னும் ரெண்டு சுத்து டேப் போட்டா சரியாப்போகும்."

போட்டான். ஈரம் கூடியது. இதென்னடா கூத்து! வெளியே பனி கல்லாய்க் கிடக்கிறது, உருகினால்தானே ஒழுகுவதற்கு? ட்வைலாவுக்குக் கவலையை மீறிக்கொண்டு ஆர்வம் பொங்கியது. ஊறுகாய் போட்ட பீட்ரூட் ஜாடியை எடுத்தாள், ஏணியில் ஏறினாள், சிவப்புச் சாற்றைக் கூரை முழுக்க ஊற்றினாள்.

"என்னடி, மாடு அறுத்த மாதிரி இருக்கு!" என்று கீழே நின்று கத்தினான் ஆர்லன்.

"ஒழுகுறது கூரைன்னா உள்ள சிவப்பா வரணுமில்ல? பாப்போம்."

உள்ளே மெத்தைக்கு அடியில் சேர்ந்தது பளிங்குபோலத் தெளிந்த தண்ணீர். நாக்கில் வைத்தும் பார்த்துவிட்டாள், புளிப்பே இல்லை. அடுத்து, வண்டியின் மறுகோடியில் யாரும் படுக்காத சின்னப் படுக்கையைத் தூக்கினாள். அடியில் ஈரம் லேசாகத்தான் தட்டுப்பட்டது. ஆள் படுக்கிற இடம் நனைகிறது, படுக்காத இடம் அவ்வளவாக நனையவில்லை. அவளுக்குக் குறுகுறுவென்றது.

வியாழக்கிழமை மதியம் ஆர்லன் சாப்பிட்டுவிட்டு வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். வெளியே வாசல் குளிரில் கிடந்த இரும்பு வாணலியை எடுத்துவந்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். இரும்பு கண்ணெதிரே வெளுத்தது, பிறகு வியர்த்தது, பிறகு ஒரு சொட்டு அவன் மீசையில் விழுந்தது. அவன் துள்ளி எழுந்தான்.

"கண்டுபிடிச்சிட்டேன்! நீதான் ஒழுகுறே!"

"பைத்தியம் முத்திடுச்சு."

"நீ, நான், கொதிக்கிற சூப்பு, எல்லாம் விடுற ஆவி வெளிய போக வழியில்ல. மெத்தைக்கடியில குளிர்ந்த பலகையில போய் உக்காந்துக்குது. மேல இருக்கிற திறப்பைத் திற, ஆர்லன்."

அவன் முகம் இறுகிவிட்டது. "திறக்கிறதா? மைனஸ் முப்பது வரப்போவுது. நான் ஒட்டினதை யாரும் தொடக்கூடாது." எழுந்து மாடுகளைப் பார்க்கப் போய்விட்டான். ட்வைலாவுக்கு அழுகை முட்டியது. காரணம் தெரிந்தும் ஊரைவிட்டுப் போக வேண்டுமா? இந்த மனுஷன் பிடிவாதத்துக்கு ஒரு அளவே இல்லையா?

ஞாயிறன்று லவோன் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் மெத்தையைத் தூக்கினாள், உதட்டைப் பிதுக்கினாள், "பெட்டி எங்கே?" என்றாள்.

ட்வைலா கதவைத் திறந்துகொண்டு போனாள். வெளியிலிருந்து வாணலியைக் கொண்டுவந்து அக்காவின் வாய்க்கு நேரே நீட்டினாள். "ஊது."

லவோன் முறைத்தாள், ஊதினாள். தானும் ஊதி, ஆர்லனிடம் நீட்டினாள் ட்வைலா. அவன் ஊதவில்லை. இரும்பில் வழிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மெத்தையில இருக்கிறதும் இதுதானா? அதுல பாதி உன் மூச்சா?" என்றான்.

"பாதிக்கு மேலயே இருக்கும். நான்தானே ஓயாம பேசறவ," என்றாள் ட்வைலா.

லவோன் சிரித்துவிட்டாள். ஆர்லன் சிரிக்கவில்லை. "அன்னிக்கு உன்னத் தூக்கிட்டு வந்து புல்லுல போட்டேனே," என்றான் தரையைப் பார்த்தபடி. "உன் மூக்குகிட்ட கையை வெச்சேன். ஒண்ணுமே வரல. கதவிடுக்குல அடிச்ச காத்துதான் அந்தத் தீயை வளத்துச்சு. அதான் எல்லாத்தையும் அடைச்சேன். ஒரு பொட்டுக் காத்துகூட உங்கிட்ட வரக்கூடாதுன்னு."

இத்தனை மாதத்தில் அந்த நாளைப் பற்றி அவன் வாய் திறந்தது அதுதான் முதல்முறை. அவன் பெஞ்சின்மேல் ஏறி, கத்தியால் டேப்பைக் கிழித்து, நுரைப் பலகையைப் பிடுங்கிப்போட்டான். குளிர் தலையில் வந்து இறங்கியது. லவோன் அலறிக்கொண்டு கோட்டை இழுத்துப் போர்த்தினாள். அன்றே மெத்தைக்கு அடியில் காற்று ஓடும்படி சட்டங்களும் அடித்தான்.

"அடுத்த ஞாயிறு வந்து பாக்கறேன். நனைஞ்சிருந்தா ரெண்டு பேரையும் தூக்கிட்டுப் போயிடுவேன்," என்று மிரட்டிவிட்டு லவோன் கிளம்பினாள்.

சொன்னபடி வந்தாள். மெத்தையைப் புரட்டினாள், தட்டினாள், முகர்ந்தாள். காய்ந்திருந்தது. ட்வைலாவின் கையால் இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பும், பட்டை தூவிய சின்னமன் ரோலும் சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே பில்லிங்ஸுக்குத் திரும்பிப் போனாள்.

அக்காவின் கார் போன பிறகு, நன்றாகத் தின்ற மயக்கத்தில் ட்வைலா சற்றுக் கண்ணை மூடினாள். தூக்கம் பிடிக்குமுன் மூக்கருகே ஒரு கை வந்து நின்றது. மாட்டுத் தீவன வாசனை அடித்தது. கண்ணைத் திறக்காமல், அந்தக் கையில் நன்றாகப் படும்படி, வேண்டுமென்றே பலமாக மூச்சு விட்டாள்.