ஒன்றுமில்லாத இடம்

மரக் கம்பெனிக்குக் காட்டை வெட்ட உத்தரவு கொடுக்கலாமா என்ற விசாரணையில் அவள்தான் மொழிபெயர்ப்பாளர். சாட்சி சொல்ல நின்றவர் அவளைப் பெற்ற அப்பா. அவர் பேசுவது காட்டுச் சனத்தின் பாஷை. இரண்டு பாஷையும் தெரிந்த வேறு ஆள் கிடைக்காததால் அவளையே உட்கார்த்தியிருந்தார்கள். சொன்னதை மட்டும் சொல்வேன், கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்று உறுதிமொழியும் வாங்கியிருந்தார்கள்.

அதிகாரி வரைபடத்தில் ஓடைக்கு மேலே விரலை வைத்தார். "இங்க என்ன இருக்கு?"

அப்பா ஒரே சொல்லில் பதில் சொன்னார்.

அந்தச் சொல்லுக்கு 'ஒன்றுமில்லை' என்று அர்த்தம். ஊர்ப்பட்ட பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள் நிற்கும் அந்த இடத்தை அவர்கள் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சொன்னால் கோடரிக்கு வழி காட்டியதாகிவிடும் என்று பயம். 'ஒன்றுமில்லை' என்பதுதான் அதற்குப் பேர்.

"என்னம்மா சொல்றாரு?"

"ஒண்ணுமில்லன்னு... ஆனா சார்..."

தட்டச்சர் தட்டிவிட்டார். மரக் கம்பெனி வக்கீல் வாயெல்லாம் பல்லாக எழுந்தார். "அவரே சொல்லிட்டாரு, வெறும் நிலம்னு. அப்புறம் எதுக்குங்க விசாரணை?"

"சார், காலைல வீட்ல என்ன சொல்லிட்டுக் கிளம்பினீங்க?" என்று அவள் அதிகாரியைக் கேட்டாள்.

"வரேன்னு சொன்னேன்."

"வந்தீங்களா, போனீங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "அதே மாதிரிதான் சார், அங்க பெரிய மரங்க நிக்குது, நெஜப் பேரச் சொல்லப் பயந்து ஒண்ணுமில்லன்னு சொல்றோம்," என்றாள். அதிகாரி சிரிக்கவில்லை. "புரியுதும்மா. ஆனா நீ அவரு பொண்ணு. உன் விளக்கத்த நான் எழுத முடியாது. அவரு வாயால அந்தப் பேரச் சொல்லட்டும்."

அவள் தங்கள் பாஷையில் அப்பாவிடம் சொன்னாள். "சொல்லலன்னா வெட்டிருவாங்கப்பா."

"சொன்னா மட்டும் விட்ருவாங்களா?"

பின்வரிசையில் சித்தப்பா, "அண்ணே, வேணாம்," என்று காதைப் பொத்திக்கொண்டார். அப்பா உதட்டை நனைத்துக்கொண்டு முணுமுணுத்தார். பிறந்ததிலிருந்து அவள் கேட்டிராத சொல்.

"காதுல விழலையே," என்றார் தட்டச்சர். "இன்னொரு தடவ?"

அப்பா வாயை இறுக்கிக்கொண்டார். இனி அவர் திறக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். அப்பாவைப் பார்க்காமல், அந்தப் பேரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

"பதிவு பண்ணுங்க," என்றார் அதிகாரி. "நேர்ல பாக்காம வெட்ட உத்தரவு கிடையாது."

அவள் மைக்கைத் தள்ளி வைக்கப் போனாள். அதற்குள் வக்கீல் அந்தப் பேரை எழுதிய தன் தாளை அவள் முன்னால் நீட்டினார்.

"எழுத்து சரியா இருக்காம்மா?"