எருக்கஞ்செடி வெட்டுக்கிளி

எங்கள் கல்லூரிக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கினால் சென்னைக்குப் போகலாம். அதற்காக இலை தின்னும் பூச்சிகள் இரண்டைப் புட்டிகளில் கொண்டுபோயிருந்தேன். ஒன்று அமிர்திக் காட்டில் பிடித்த குச்சிப்பூச்சி. இன்னொன்று ஆம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், டேனரிக் கழிவுநீர் ஓடும் கால்வாய்க்கரை எருக்கஞ்செடியில் பிடித்த வெட்டுக்கிளிக் குஞ்சு. மஞ்சள் உடம்பில் கறுப்பும் சிவப்புமாய்ப் புள்ளிகள்.

எங்கள் தெருவின் பெயரைச் சொன்னாலே வகுப்பில் மூக்கைப் பிடிப்பார்கள். அப்பா டேனரியில் தோல் ஊறப்போடுகிறவர். யார் யார் மூக்கைப் பிடித்தார்கள் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஒன்று காடு, ஒன்று கால்வாய் என்று நான் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்ட நடுவர், பிடித்த இடம் எழுதி மூடிகளில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படிக்கவே இல்லை. வெட்டுக்கிளியைப் பார்த்து, காட்டுப் பூச்சி என்றால் இதுவல்லவா என்று பூரித்துப் போனார். குச்சிப்பூச்சியைக் காட்டி, கால்வாயில் பிழைப்பது இப்படித்தான் வதங்கிக் கிடக்கும் என்றார். பரிசு எனக்குத்தான் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

எங்கள் விலங்கியல் பேராசிரியர் ஜெயப்பிரகாஷ் சார் என்னை ஓரமாக இழுத்தார். நடுவர் சொன்னபடியே சீட்டுகளை மாற்றி ஒட்டிவிடு, பரிசு வாங்கும் பூச்சிக்குக் கால்வாய்ப் பேச்சே வேண்டாம், கல்லூரிக்குக் கட்டடம் கட்டித் தந்தவர்களே டேனரிக்காரர்கள் என்றார்.

"சென்னைக்குப் போணுமா, வேணாமா?"

போக எனக்கு ஆசை இல்லையா என்ன? ஆனால் பூச்சி பிடிக்கிறவர்கள் பிடித்த இடத்தை மாற்றி எழுதக் கூடாது. அதை எங்களுக்குச் சொல்லித் தந்தவரே இந்த சார்தான். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நேரே நடுவரிடம் போனேன்.

"மாத்திப் பாத்துட்டீங்க சார். இந்த அழகுதான் எங்க கால்வாய்ப் பூச்சி. காட்டுல இருக்கிறது ஒளிஞ்சு பொழைக்குது. இது எருக்கம்பால் விஷத்தத் தின்னுட்டு, எல்லாரும் பாக்க நடு வெயில்ல உக்காருது."

நடுவரின் முகம் சுருங்கியது. ஜெயப்பிரகாஷ் சார் பாய்ந்து, வெட்டுக்கிளிப் புட்டியின் மூடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பிய்த்தார். மூடியும் கழன்று வந்தது. தப்பிக்கப் பார்த்த குஞ்சை விரலால் அழுத்தினார். அது முதுகிலிருந்து பீச்சியடித்த நீர் அவருடைய வெள்ளைச் சட்டையில் பட்டது. நான் சிரித்துவிட்டேன், அடக்கவும் முயலவில்லை.

பரிசு வேறொருத்திக்குப் போனது. அழுகை வந்தது, ஆனாலும் சீட்டை மாற்றாததில் எனக்கு வருத்தமில்லை. சாயங்காலம் என் புட்டிகள் மேசைக்கு அடியில் கிடந்தன; குஞ்சு உள்ளே உயிரோடுதான் இருந்தது. எடுத்து மேசை நடுவில் வைத்து, வெட்டுக்கிளிப் புட்டிக்குப் புதுச் சீட்டு எழுதி ஒட்டினேன்.

பிடித்த இடம்: ஆம்பூர், டேனரிக் கால்வாய்க்கரை. பிடித்தவர்: சோபனா. வீடு: அதே கரை.