கொட்டகையில் கட்டில் கூடாது

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். ஊரில் பாதிப் பேருக்குப் பிரேக் எங்கே இருக்கிறது என்று காட்டியவர். தன் வீட்டுக்குள் வந்து சேர்ந்த மச்சானுக்கு மட்டும் அவரால் பிரேக் போட முடியவில்லை.

மச்சான், மனைவியின் ஒரே தம்பி. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பையோடு வந்தான். மழைக்காலம் போய் வெயில்காலமும் வந்துவிட்டது, அவன் போகவில்லை. வேலை தேடுவதாகச் சொன்னான். பெரும்பாலும் சோபாவில் படுத்துத்தான் தேடினான். படுத்தால் குறட்டை. ஜன்னல் கண்ணாடி அதிரும். தூக்கம் கெட்டுப்போன வாத்தியார், ஒருநாள் பாடத்தின் நடுவே கண்ணயர்ந்துவிட்டார். ஓட்டிக்கொண்டிருந்த பெண்தான் எழுப்பினாள்: “சார், சிவப்பு விழுந்திருச்சு. நிறுத்தவா?”

அந்த வாரமே பின்பக்கத்தில், மதிலை ஒட்டி, தகரக் கூரையோடு ஒரு கொட்டகை எழுந்தது. பழைய டயர் போட என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். டயர் வரவில்லை. கட்டில் வந்தது, மின்விசிறி வந்தது, பின்னாலேயே மச்சான் வந்தான்.

“என் தம்பிய டயரோட சேத்துட்டீங்களா?” என்றாள் மனைவி.

“தனியா இருந்தா வேலை தேட வசதியா இருக்குமேன்னுதான்.”

மதிலுக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் படுக்கையறை. குறட்டை இப்போது அவருக்கு. மூன்றே இரவுதான் பொறுத்தார். நகராட்சியில் புகார் கொடுத்துவிட்டார்.

அளவு நாடாவோடு ஒரு அதிகாரியம்மா வந்தார். “மதில்ல இருந்து மூணடி தள்ளி இருக்கணும். இங்க என் கைகூட நுழையல” என்றபடி கதவைத் தள்ளினார். கட்டிலில் மச்சான் எழுந்து உட்கார்ந்தான்.

“இது சாமான் வைக்கிற எடம். ஆள் வாழக் கூடாது. நீங்க இங்க வாழறீங்களா?”

மச்சான் நிஜமாகவே யோசித்தான். “வாழறேன்னு சொல்ல முடியாதுங்க. சும்மா இருக்கேன்.”

அதிகாரியம்மா சிரிப்பை விழுங்கிக்கொண்டார். கொட்டகையை நகர்த்த வேண்டும், இல்லையேல் பிரிக்க வேண்டும். எப்படியானாலும் கட்டில் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் தன்னிடம் படிப்பவர்களையெல்லாம் கூப்பிட்டார். ஆளுக்கொரு மூலையில் பிடித்துத் தூக்கினார்கள்.

“லெஃப்ட்ல வாங்க. லெஃப்ட்டு.”

“உங்க லெஃப்ட்டா சார், எங்க லெஃப்ட்டா?”

கொட்டகை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி மதிலைப் பார்த்தே நடந்தது. பொறுக்கமாட்டாமல் கண்ணாடிக் கடைக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மதிலேறிக் குதித்தார். “என் வீட்ட விட்டுத் தள்ளிப் போகுதுன்னா நானும் ஒரு கை குடுக்கறேன்.” கடைசியில் துணிக்கொடியின் அடியில் போய் நின்றது. அளவு சரி. மனைவிக்குத்தான் துணி காயப்போட இடமில்லை.

கட்டிலோடு மச்சான் வீட்டுக்குள் திரும்பினான். வாத்தியார் சத்தமில்லாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்குக் குடிபோனார்.

மறுபார்வைக்கு வந்த அதிகாரியம்மா கதவைத் திறந்தபோது வாத்தியார் நல்ல மதியத் தூக்கத்தில் இருந்தார்.

“நீங்க யாருங்க?”

“வீட்டுக்காரன்.”

“வீட்டுக்காரர் வீட்லதானே இருக்கணும்?”

பதில் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. துணிக்கொடி நடுங்கியது. அதிகாரியம்மா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் பாய் எதையும் பாக்கல” என்று சொல்லிக் கிளம்பினார்.

சமையலறை வாசலில் நின்று இதைக் கேட்ட மனைவிக்கு மனசு சுருக்கென்றது. கண்ணாடிக் கடைக்காரரிடம் போய் நின்றாள். “அண்ணே, என் தம்பிக்கு ஒரு வேலை பாத்துக் குடுங்க.” கட்டில் மறுபடி மதிலோரம் வந்துவிடுமோ என்ற பயத்தில் இருந்த அவரைவிட ஆர்வமாகத் தேட உலகத்தில் யாரும் இல்லை. இரண்டே நாளில் தன் சகலையின் மரக்கிடங்கில் இரவுக் காவலுக்குச் சேர்த்துவிட்டார்.

காவல்காரன் தூங்குவது சகலைக்கும் தெரியும். அவர் கவலைப்படவில்லை. “ராத்திரி பூரா உள்ள ரம்பம் ஓடுதுன்னு நெனச்சு ஒருத்தனும் கிட்ட வர்றதில்ல” என்கிறார்.