பையோடு நட்ட கன்றுகள்

மழை நேரம் தவறி வருகிறது என்பதற்காகவே எங்கள் மலைக்கு ஒரு திட்டம் வந்தது. திட்டம் மட்டும் நேரம் தவறாமல் வந்தது.

அதன் அதிகாரிக்கு ஊர் வைத்த பெயர் காலண்டர். நல்ல மனிதர்தான், யாரையும் அதட்டிப் பேசியதில்லை. கையில் எப்போதும் ஒரு டேப்லெட் இருக்கும். அதிலிருந்த அட்டவணையில் ஐந்தாம் தேதிக்கு நேராகப் பச்சை நிறத்தில் ‘கன்று நடுதல்’ என்று போட்டிருந்தது.

என் அக்காவுக்கு இருநூற்று நாற்பது பேரிக்காய்க் கன்றுகள் வந்தன. போன வருஷம் அவளுடைய சரிவில் பாதி, உருளைக்கிழங்கோடு சேர்ந்து கீழே பாதையில் போய் உட்கார்ந்துவிட்டது. மீதிப் பாதியை மரத்தின் வேர்தான் பிடித்து நிறுத்த வேண்டும். நிற்காவிட்டால், மாமா வேலை பார்க்கும் அடிவாரத்துத் தையல் ஆலையில் அக்காவும் போய்ச் சேர வேண்டியதுதான். அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது.

“சார், மண்ணு காஞ்சு கெடக்கு. ஊத்துத் தண்ணி குடிக்கவே பத்தல. மழை வர இன்னும் ஒரு மாசம் ஆகும். அப்ப நட்டுக்கறேனே.”

“எனக்குப் புரியாதாம்மா? மழை ஒரு மாசம் தள்ளிப் போச்சுன்னு அறிக்கை எழுதினதே நான்தான்.”

“அப்ப தேதியையும் தள்ளி வைங்க.”

“தேதிய எப்படிம்மா தள்ள முடியும்?” உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

ஐந்தாம் தேதி அக்கா இருநூற்று நாற்பது குழிகளிலும் கன்றுகளைப் பிளாஸ்டிக் பையோடு அப்படியே இறக்கி, மேலே இரண்டு கை மண்ணைத் தூவினாள். காலண்டர் போட்டோ எடுத்துக்கொண்டார். அவருடைய ஜீப் வளைவைத் தாண்டியதும் அத்தனையையும் பிடுங்கி வீட்டுக்குப் பின்னால் நிழலில் அடுக்கினோம். அங்கே பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே அவை பிழைத்துக் கிடந்தன. அக்காவைப் பார்த்து ஊரே இதைச் செய்தது.

அடுக்கினோம் என்பது பேச்சுக்கு. அடுக்கியது, கல்லூரி விடுமுறைக்கு ஓய்வெடுக்க வந்திருந்த நான்.

பன்னிரண்டாம் தேதி ஆய்வு. டீக்கடையிலிருந்து “ஜீப் ஏறுது” என்று போன் வந்தது. கன்றுகள் குழிக்குப் போயின, ஜீப் இறங்கியதும் நிழலுக்குத் திரும்பின. பத்தொன்பதாம் தேதி மறுபடியும். மலைவாழ் மக்களின் உழைப்பைப் பற்றி நான் எழுதிய கட்டுரைக்குக் கல்லூரியில் பரிசு கொடுத்திருந்தார்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இருந்தது.

“அக்கா, உண்மையைச் சொல்லிடலாமே.”

“சொன்னேனேடா. அவருக்குப் புரியுதாம். புரிஞ்சவங்ககிட்ட இதுக்கு மேல என்னத்தச் சொல்ல? அந்தக் கூடையத் தூக்கு.”

இருபத்தாறாம் தேதி டீக்கடை மூடியிருந்தது. காலண்டர் சொல்லாமல் வந்து காலிக் குழிகளின் முன்னால் நின்றார். காற்றில் வந்த தூசி கண்ணில் விழுந்து அக்கா துடைத்துக்கொண்டாள். அவர் அதைத் துக்கமாக எடுத்துக்கொண்டார்.

“எல்லாமே செத்துப் போச்சா?”

அக்கா தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வாள்? ‘இறப்பு: 240’ என்று டேப்லெட்டில் பதிவானது. கூடவே ஒரு பரிகாரமும் வந்தது. கன்றைச் சாகவிட்டவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. தலைப்பு: ‘நடவுக்கு ஏற்ற பருவத்தை அறிவது எப்படி’. வராதவர்களின் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். பட்டியலில் பெயர் இருந்தால்தான் அடுத்த வருஷம் சரிவுக்குத் தடுப்புச் சுவர்.

பயிற்சி ஆரம்பித்த அன்று விடியற்காலையில் மழை பிடித்தது.

பள்ளிக்கூட ஹாலில் இருபத்துமூன்று பெண்கள் திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஈரம் இரண்டு நாள் தாங்கினால் பெரிது. பயிற்சியும் இரண்டு நாள்.

காலண்டர் திரையில் பதினோராவது படத்தைக் காட்டும்போது, துணைக்கு வந்திருந்த என் காதருகே அக்கா குனிந்தாள். “டேய், என் எடத்துல உக்காரு.”

“பட்டியல்ல ‘பெண்’ணுன்னு இருக்குக்கா.”

“வாயத் தொறக்காத. தெரியாது.”

அக்கா பாத்ரூம் போனாள். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். அந்தப் பள்ளியில் இருந்தது ஒரே பாத்ரூம். நாற்பத்தொன்றாவது படம், ‘விவசாயிகளின் பங்கேற்பு’, திரையில் வந்தபோது விளக்கைப் போட்ட காலண்டர், மிச்சமிருந்த என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

சரிவில் அக்கா பிளேடால் பையைக் கிழித்துக் கன்றை இறக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துச் சரிவுகளிலும் அதே வேலை.

“அம்மா, இதெல்லாம் செத்துப் போச்சே?”

“ஆமா சார். பொதைச்சுட்டிருக்கேன்.”

அவர் டேப்லெட்டைத் திறந்து எங்கெங்கோ அமுக்கிப் பார்த்தார். “செத்ததைத் திருப்பி உயிரோட காட்ட இதுல வழியே இல்லம்மா.” “பயிற்சியும் பாதியில நிக்குது. முடிக்கலன்னா உங்க எல்லார் பேரும் போயிடும்.”

“அப்ப இங்கயே முடிங்க. காது சும்மாதானே இருக்கு.”

முடித்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் டேப்லெட். நாலு சரிவுக்கும் கேட்கும்படி மீதிப் படங்களை உரக்க வாசித்தார். ஐம்பத்தேழாவது படம்: “மண் ஈரமாக இருக்கும்போது நடவும்.”

“சார், அத இன்னொரு தடவ சொல்லுங்க, மறந்துடப் போறேன்” என்றாள் அக்கா, நிமிராமலே.

காலண்டர் குடையை மடக்கினார். டேப்லெட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஒரு கன்றைத் தூக்கினார்.

“இத... பையோடதானே வைக்கணும்?”

யாரும் சிரிக்கவில்லை. நான் திரும்பி நின்றுகொண்டேன். அக்கா பிளேடை அவர் கையில் கொடுத்தாள். “கிழிச்சுட்டு வைங்க சார்.”

அன்று சாயங்காலத்துக்குள் இருநூற்று நாற்பதும் மண்ணுக்குள் போயின. வருகைப் பதிவேட்டில் இருபத்துமூன்று சேற்றுக் கைரேகைகள். மூன்றாவது வாரம் துளிர் விட்டது. அறிக்கையில் இன்றைக்கும் இறப்பு நூறு சதவீதம்தான்.

அக்கா மாமாவுக்குப் போன் செய்தாள்.

“ஆலையில எனக்கு எடம் கேக்க வேணாங்க. செத்ததெல்லாம் நல்லா இருக்கு.”