பச்சை ஒயர்

கதிரவன் இறந்து மூன்று மழைக்காலம் போன பிறகு, அவருடைய ரேக்கைக் கேட்டு வாங்க ஆன்டோ சிதம்பரத்துக்குப் போனான்.

ரேக் என்பது கிடார்க்காரர்கள் ஒரு காலத்தில் மேடைக்கு மேடை தூக்கிக்கொண்டு அலைந்த இரும்புப் பெட்டி. உள்ளே அடுக்கடுக்காகக் கருவிகள் இருக்கும். எக்கோ தருவது ஒன்று, நாதத்தை லேசாக அலையவிட்டுத் தடிக்க வைப்பது ஒன்று. இப்போது அதெல்லாம் யாருக்கும் வேண்டாம். ஆன்டோவிடமே ஒரு டிஜிட்டல் ஆம்ப் இருந்தது. உலகத்தில் பேர்போன ஆம்ப்ளிஃபயர்களின் குரலையெல்லாம் கணக்குப் போட்டு அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடைத்திருந்தார்கள். போனில் தட்டினால் குரல் மாறும். எக்கோவும் உள்ளேயே இருந்தது. ஆனால் கதிரவனின் எக்கோ அதில் இல்லை. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் ஓரம் தேய்ந்து, கொஞ்சம் மங்கி, யாரோ பக்கத்து அறையிலிருந்து பதில் வாசிப்பது போல வரும் அந்தச் சத்தத்துக்காகவே ஆன்டோ ஒரு காலத்தில் அவருடைய கச்சேரிகளுக்குப் பின்னால் அலைந்திருக்கிறான்.

தெற்கு வீதிக்குப் பின்னால் இருந்த வீட்டில் கதிரவனின் மனைவி இசைவாணி கதவைத் திறந்தாள். தனியார் பள்ளி ஒன்றில் வேதியியல் டீச்சர். அன்றைக்கு லீவு. விஷயத்தைக் கேட்டதும் மறுக்கவில்லை. உள்ளறையில் போர்வையால் மூடி வைத்திருந்ததைக் காட்டினாள்.

"எடுத்துக்கிட்டுப் போ ஆன்டோ. ஆனா ஒண்ணு. இதுல ஏதாவது கோளாறு இருக்கான்னு பாத்து எனக்குச் சொல்லணும்."

"என்னா கோளாறு அண்ணி?"

"கடைசியா வாசிச்சப்ப ரெண்டு கை கட்ட வெரலையும் சேத்துக் கட்டுனாங்கல்ல..." சொல்ல ஆரம்பித்தது தடுமாறிவிட்டது. நிறுத்தி, மறுபடி சொன்னாள். "பொணத்துக்குக் கட்டுவாங்கல்ல, அப்ப பாத்தேன். எடது கை வெரல்ல கோடு கோடா வெந்த மாதிரி இருந்துச்சு. கேட்டா, கிடார் வாசிக்கிற கை அப்பிடித்தான் இருக்கும்னு சொல்லிட்டாங்க. கல்யாணமான நாள்லேந்து அந்தக் கையப் பாத்தவ நான்."

சேத்தியாத்தோப்பு பக்கம் ஒரு கல்யாண மேடையில் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே கதிரவன் கிடாரோடு குப்புற விழுந்தார். மாரடைப்பு என்றார்கள். நாற்பது வயசுக்காரருக்கு மாரடைப்பு வருவதை ஊரே நம்பத் தயாராக இருந்தது. உடம்பை அறுக்க வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் அழுதார்கள். இசைவாணியின் சந்தேகம் அந்த அழுகையோடு அமுங்கிப் போயிற்று.

"கண்டிப்பா பாத்துச் சொல்றேன் அண்ணி" என்றான் ஆன்டோ. அப்போது அதை மனசாரத்தான் சொன்னான்.

கடலூர் செம்மண்டலத்தில் அவன் வீட்டு மாடியறை மேசையில் ரேக்கை ஏற்றி, புது ஆம்ப்போடு சேர்த்தான். ஆம்ப்பின் முதுகில் சென்ட் என்று ஒரு துளை, ரிட்டர்ன் என்று ஒரு துளை. சென்ட்டிலிருந்து கிளம்பும் நாதம் ரேக்குக்குள் போய் எக்கோவைப் பூசிக்கொண்டு ரிட்டர்ன் வழியாகத் திரும்ப வேண்டும். பழசும் புதுசும் முதலில் ஒத்துப்போகவில்லை. ரேக்கின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. ரேக்கால் தாங்க முடியாத அளவுக்கு ஆம்ப் தள்ளுகிறது என்று அர்த்தம். போனில் தேடித் தேடி சென்ட்டின் அளவைக் குறைத்தான். ஆம்ப்புக்குள் இருந்த எக்கோவை அடியோடு அணைத்தான். சிவப்பு விளக்கு எப்போதாவது கண் சிமிட்டும் நிலைக்கு வந்ததும் ஒரு தந்தியைத் தட்டினான்.

அதே சத்தம். பின்னணியில் ஓர் இரைச்சலும் இல்லை. இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து கதிரவன் பதில் வாசிப்பது போல இருந்தது. சாப்பிடக் கூப்பிட்ட ஜெயமேரி அரை மணி நேரம் கழித்து மேலே வந்து, கண்ணில் தண்ணீரோடு வாசித்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

அண்ணிக்குக் கொடுத்த வாக்கு மறுநாள்தான் ஞாபகம் வந்தது. ரேக்கின் பிளக்கைத் திருகித் திறந்தான். மூன்று ஒயர் வர வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. எர்த்துக்குப் போக வேண்டிய பச்சை ஒயர் திருகாணியோரமாக வெட்டப்பட்டு, நுனியில் கருப்பு டேப் சுற்றியிருந்தது. மடங்கிக் கிடந்த விதத்தைப் பார்த்தால் யாரோ நிதானமாகச் செய்த வேலை.

டேப்பை உரித்து, பச்சை ஒயரை அதன் இடத்தில் முடுக்கிவிட்டு மறுபடி ஆன் செய்தான். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் எழுந்தது. ஆம்ப்புக்கும் எர்த், ரேக்குக்கும் எர்த். இரண்டும் சேர்ந்து ஒரு சுற்றாகி, அந்தச் சுற்றுக்குள் கரண்ட் முனகியது. என்ன செய்தும் போகவில்லை. அவன் வாசிக்கும் குழுவின் தலைவர் கலியமூர்த்திக்குப் போன் போட்டான். அவர் கீபோர்டு வாசிப்பவர், கடலூர் வட்டாரத்தில் பாதி மேடைகள் அவர் கையில்.

"மாமா, ரேக்கப் போட்டா ஹம்மிங் கொல்லுது."

கலியமூர்த்தி சிரித்தார். "எர்த்தக் கழட்டி உட்டுடு மச்சான். அவ்ளோதான் வேல. கதிருக்கும் நான்தான் சொன்னேன், அன்னிக்கே போயிடுச்சு."

"என்னிக்கு மாமா?"

"அது இருக்கும், அவன் போறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

போனை வைத்த பிறகு ஆன்டோ மறுபடி பிளக்கைத் திறந்தான். பச்சை ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஆம்ப்போடு இருந்த இணைப்பையும் கழற்றி, ரேக்கை மட்டும் ஆன் செய்து, டெஸ்டரை இரும்பில் வைத்தான். டெஸ்டர் எரிந்தது. பழைய பெட்டிக்குள் எங்கோ கரண்ட் கசிந்துகொண்டிருக்கிறது. ஆம்ப்போடு கேபிளை இணைத்ததும் டெஸ்டர் அணைந்தது. கசிவதெல்லாம் கேபிள் வழியாக ஆம்ப்புக்குப் போய், ஆம்ப்பின் எர்த்தில் இறங்கிவிடுகிறது. ஆம்ப்புக்கு நல்ல எர்த் இருக்கும்வரை ஆபத்தில்லை. எர்த் இல்லாத ஒரு மேடை வந்தால், அதே கேபிள் வழியாகக் கரண்ட் ஆம்ப்புக்குள் புகுந்து நேராகக் கிடார் தந்திக்கு வரும். ஒரு கை தந்தியில் இருக்க, உதடோ மறு கையோ மைக்கில் பட்டால் முடிந்தது. கதிரவன் பாடிக்கொண்டே வாசிப்பவர்.

எல்லாம் தெரிந்துவிட்டது. அண்ணியின் சந்தேகம் ஒரு பாதி, மாமாவின் யோசனை மறு பாதி. இரண்டும் வேறு யாரிடமும் சேர்ந்து இல்லை, அவனிடம் மட்டும்தான் இருந்தன.

ரேக்கை மூடி வைத்திருக்கலாம். எர்த்தைப் போட்டுவிட்டு உறுமலோடு வாசித்திருக்கலாம். விசாரித்தால் அந்த உறுமலை முறையாக எடுக்கவும் வழி கிடைத்திருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கச்சேரி இருந்தது. நம்முடைய ஆம்ப் நல்ல ஆம்ப், எர்த் பார்த்துத்தான் போடுவோம் என்று தனக்கே சொல்லிக்கொண்டு பச்சை ஒயரின் நுனியில் அதே டேப்பைச் சுற்றினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஆன்டோவின் பேர் ஏறியது. லால்பேட்டை ரிசப்ஷனில் மாப்பிள்ளையே மேடைக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கலியமூர்த்தி போகிற இடமெல்லாம் "நம்ம பையன் கதிர உயிரோட கொண்டாந்துட்டான்" என்றார். அதைக் கேட்கும்போது மட்டும் ஆன்டோ குனிந்து கேபிளைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவான்.

ஒருநாள் ஜெயமேரி மாடியறையைக் கூட்டும்போது வீலென்று கத்தினாள். ஆம்ப் இணைக்காமல் ரேக் ஆனில் இருந்திருக்கிறது.

"சுள்ளுனு இழுக்குதுங்க! இத ஊட்ல வச்சிருக்கீங்களே?"

"ஒன்ன யாரு அதத் தொடச் சொன்னது?" என்று அவன் பாய்ந்தான். அவள் விரலைப் பிடித்துப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அந்த அறையைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டான்.

இசைவாணி இரண்டு தடவை போன் செய்தாள். முதல் தடவை, "இன்னும் தொறந்து பாக்கல அண்ணி, வேல ஜாஸ்தி" என்றான். அடுத்த தடவை போனை எடுக்கவில்லை.

மாதா கோயில் திருவிழாவன்று பகலெல்லாம் மழை. தேர்ப் பவனி முடிந்து கச்சேரி தொடங்கும் நேரத்தில் வானம் வெளுத்தாலும் மேடைப் பலகைகள் ஊறிக் கிடந்தன. மைக்செட் ஆட்கள் தங்கள் ஜெனரேட்டர் வண்டியிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொண்டார்கள். ஆன்டோவின் மூலைக்கு அது எட்டவில்லை. பந்தல் விளக்கு போட்டவர் ஒரு பிளக் பலகையை இழுத்துவந்து கொடுத்தார். பலகையில் மூன்று துளை இருந்தது. அதற்கு வந்த ஒயரை ஆன்டோ கையில் எடுத்துப் பார்த்தான். மெலிந்த, முறுக்கிய இரட்டை ஒயர். மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

"மாமா, இதுல எர்த் இல்ல."

"லைட்டுக்காரன் பலகையில என்னா இருக்கும்? ஃபாதர் ஒக்காந்துட்டாரு. ஆரம்பி மச்சான்."

ரேக் இல்லாமல் வெறும் ஆம்ப்பில் வாசிக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தான். முன்வரிசையில் வீடியோ எடுக்கப் போன்களை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். பிளக்கைச் சொருகினான்.

முதல் பாட்டிலேயே முழங்கையில் எறும்பு ஊர்வது போல இருந்தது. கிடாரின் இரும்புப் பட்டையில் கை படும்போதெல்லாம் ஊர்ந்தது. ஆன்டோவுக்குப் புரிந்தது. தன் எதிரே இருந்த மைக் ஸ்டாண்டைக் காலால் நைசாகத் தள்ளி வைத்தான். கோரஸ் பாட வேண்டிய இடத்தில் வாயை மட்டும் அசைத்தான். ரப்பர் செருப்பு காப்பாற்றும் என்று கணக்குப் போட்டான். தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய எல்லாவற்றையும் செய்தான். மேடையில் இருந்த வேறு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ரீட்டா அந்தக் குழுவின் பாடகி. நர்சிங் படித்துக்கொண்டே பாட வருபவள். கையில் ஒயர் மைக்கோடு மேடையின் இந்தக் கோடிக்கு நடந்துவந்தாள். இடையிசையில் கிடார்க்காரன் பக்கம் வந்து நிற்பது அவள் வழக்கம். அவள் வருவதை ஆன்டோ பார்த்தான். பின்னால் நகர்ந்தான். பின்னால் ஸ்பீக்கர், இடமில்லை. "வராத" என்று தலையை ஆட்டினான். பாட்டுக்கு ஆட்டுகிறான் என்று நினைத்து அவள் சிரித்தாள். ஈரமான மேடைப் பலகையில் கால் வழுக்கியது. விழாமல் இருக்க, கைக்கு எட்டியதை எட்டிப் பிடித்தாள். கிடாரின் தலைப்பகுதி, தந்தி முறுக்கும் இரும்புச் சாவிகள்.

எல்லா ஸ்பீக்கரிலிருந்தும் ஒரே உறுமல் வெடித்தது. ரீட்டா கத்தவில்லை. ஒரு கையில் மைக், ஒரு கையில் கிடார், உடம்பு விறைத்து, பல் தெரிய நின்றாள். ஜனம் கைதட்டியது. ஆன்டோ கிடார் வாரைத் தலைவழியே உருவிவிட்டுக் குனிந்து பலகை ஒயரைப் பிடித்து இழுத்தான். உறுமல் நின்றது. அவள் சரிந்தாள்.

கூட்டத்தில் இருந்த ஒரு கன்னியாஸ்திரி ஏறிவந்து நெஞ்சை அழுத்தினார். மூச்சு வந்தது. ஆம்புலன்ஸ் போன பிறகுதான் மேடைக்குக் கீழே சத்தம் கேட்டது. விளக்குக்காரரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். "இவன் ஒயராலதான்" என்று ஒருவர் அறைந்தார். போலீஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. கலியமூர்த்தி ஆன்டோவின் தோளில் கை வைத்தார்.

"நல்லவேள உசுரு இருக்கு. நாம ஒண்ணும் வாயத் தொறக்க வேணாம்."

மறுநாள் காலை ஆன்டோ ரேக்கை ஒரு வாடகை வண்டியில் போட்டுக்கொண்டு சிதம்பரம் போனான். இசைவாணி பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ரேக்கை வாசலில் இறக்கி, அவளை அங்கேயே நிறுத்திவைத்து எல்லாவற்றையும் சொன்னான். பச்சை ஒயர், டெஸ்டர், மாமா போனில் சொன்னது, ரீட்டா.

"எப்பத் தெரிஞ்சிது ஒனக்கு?"

"எடுத்துட்டுப் போன மறுநாளே அண்ணி."

இசைவாணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தான். அழுவாள் என்று நினைத்தான்.

"அந்தப் பொண்ணு எந்த வார்டு?"

சொன்னான்.

"நான் போயிப் பாக்குறேன். நீ வராத. நீ ஸ்டேஷனுக்குப் போ. அந்த லைட்டுக்காரரு வெளிய வர்ற வரைக்கும் என் வாசப்படிய மிதிக்காத."

கைப்பையை எடுத்துக்கொண்டு அவன் வந்த வண்டியிலேயே ஏறிப் போய்விட்டாள். ரேக் வாசலில் கிடந்தது. அதை உள்ளே வைக்கவும் சொல்லவில்லை, எடுத்துப் போகவும் சொல்லவில்லை. ஆன்டோ தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

கடலூர் ஸ்டேஷனில் எஸ்.ஐ. முதலில் நம்பவில்லை. பிளக்கைத் திறந்து காட்டிய பிறகு ஆள் அனுப்பிக் கலியமூர்த்தியைக் கூட்டிவரச் சொன்னார். மதியத்துக்கு மேல் அவர் வந்து பெஞ்சில் ஆன்டோவின் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபமாகத்தான் வந்தார்.

"ஒனக்கு என்னா பைத்தியமா? எதுக்கு நாமளா வந்து மாட்டிக்கணும்?"

"கதிர் அண்ணன் வெரல்ல வெந்த கோடு இருந்துதாம் மாமா. எடது கையில. அண்ணி பாத்திருக்காங்க."

கலியமூர்த்தி மேசைப்பக்கம் திரும்பினார். மேசைமேல் திறந்து கிடந்த பிளக்கையும் டேப் சுற்றிய நுனியையும் அப்போதுதான் பார்த்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. யாரோ தேதி கேட்கிறார்கள் போல. அவர் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

"அன்னிக்கு அவன் மாட்டேன்னுதான் சொன்னான்" என்றார், யாரிடமும் சொல்லாதது போல. "நான்தான் புடுங்கிக்கிட்டு வெட்டுனேன்."

உள்ளே எஸ்.ஐ. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் எழுந்திருக்கவில்லை.